ஆர்க்கிடெக்ட் சரின்னு சொல்லிட்டா காசு குடுத்தே ஆகணுமா?

தங்கச்சி கேட்டது இதுதான். இலங்கை மலைநாட்டுல, கொட்டகலைல அப்பா அம்மாவுக்கு வீடு கட்டுறாங்க, இவங்க வேலை பாக்குறது கொழும்புல. பிளான் போட்டது ஒரு ஆர்க்கிடெக்ட், கட்டுறது வேற ஒரு கொன்ட்ரெக்டர், 1 கோடி 40 லட்சத்துக்கு பேசி அக்ரிமென்ட் போட்டாச்சு. இப்போ பாதி வேலைல, வீட்டுக்குப் பின்னால இருக்குற மண் மேட்டுக்கு தடுப்புச் சுவர் ஒன்னு கட்டிட்டு எக்ஸ்ட்ரா 18 லட்சம்னு பில் வந்திருக்கு. கேட்டா, "ஆர்க்கிடெக்ட் சேர்தான் கட்டச் சொன்னாரு, அவரு ஓகே பண்ணிட்டாரு"ன்னு பதில். குடுக்கணுமா, ஆர்க்கிடெக்ட்டுக்கு பீஸ் குடுக்குறது நாங்க தானே, அப்போ அவரு எங்க பக்கமா கொன்ட்ரெக்டர் பக்கமான்னு கேட்டிருக்கீங்க.

சுருக்கமா சொல்லப்போனா, ஆர்க்கிடெக்ட் வாயால சொன்னாருங்குறதுக்காக மட்டும் நீங்க 18 லட்சத்துக்கு கடன்காரராக மாட்டீங்க. ஆனா அந்த சுவர் தேவையான சுவர்னா, ஒரு சதமும் குடுக்காம தப்பிக்கவும் ஏலாது. நான் கியூ.எஸ்., அதாவது கட்டட வேலைய அளந்து செலவு கணக்கு போடுற ஆள், மலைப்பக்கத்து வேலைகள்லயே காலம் போயிருச்சு, அதனால நீளமாத்தான் எழுதுவேன், ஒரு பிளேன்டீய ஊத்தி வச்சுக்கிட்டு வாசிங்க.

முதல்ல, உங்க கைல இருக்குறது ஒரு அக்ரிமென்ட் இல்ல, ரெண்டு. ஒன்னு நீங்களும் ஆர்க்கிடெக்ட்டும் போட்டது, இன்னொன்னு நீங்களும் கொன்ட்ரெக்டரும் போட்டது. ஆர்க்கிடெக்ட்டுக்கும் கொன்ட்ரெக்டருக்கும் நடுவுல எந்த பேப்பரும் கிடையாது. ஆனா வேடிக்கை என்னன்னா, அவரு கையெழுத்தே போடாத அந்த ரெண்டாவது பேப்பர்ல தான் அவரு பேர் பக்கத்துக்கு பக்கம் வரும், ஆர்க்கிடெக்ட் எழுதிக் குடுத்தா வேலைய மாத்தணும், இவ்வளவு காசு குடுக்கலாம்னு ஆர்க்கிடெக்ட் சேர்டிபிகேட் எழுதிக் குடுத்தா காசு, ஆர்க்கிடெக்ட் திருப்திப்பட்டா வேலை முடிஞ்சதா கணக்கு, இப்படி. கொன்ட்ரெக்டர் மேல அவருக்கு என்ன அதிகாரம்னு சொல்றது உங்களுக்கும் கொன்ட்ரெக்டருக்கும் உள்ள பேப்பர். அந்த அதிகாரத்த எவ்வளவு கவனமா பாவிக்கணும், எத்தன தரம் சைட்டுக்கு வரணும், யாருக்கிட்ட கேட்டுட்டு செய்யணும்னு சொல்றது அவருக்கும் உங்களுக்கும் உள்ள பேப்பர். இந்த ரெண்டும் ஒன்னுக்கொன்னு பொருந்தணும், பொருந்தாத இடத்துல தான் சண்டை வரும், நான் பார்த்த வீட்டுச் சண்டைகள்ல முக்காவாசி இந்த இடுக்குல இருந்து வந்தது தான்.

உதாரணத்துக்கு, கொன்ட்ரெக்டரோட போட்ட பேப்பர்ல "மாசா மாசம் ஆர்க்கிடெக்ட் சேர்டிபிகேட் குடுத்த பிறகு பணம்"னு எழுதியிருக்கும். ஆர்க்கிடெக்ட்டோட போட்டத எடுத்துப் பார்த்தா பிளான், பிரதேச சபை அனுமதி, "தேவைப்பட்டா சைட் விசிட்" அவ்வளவுதான். கொழும்புல இருந்து கொட்டகலைக்கு வந்து போக ஒரு முழு நாள் போயிடும், அதுக்கு காசு பேசலன்னா அவரு ஏன் மாசா மாசம் வர்றாரு? அப்போ சேர்டிபிகேட் வராது, காசு போகாது, கொன்ட்ரெக்டர் மேசன் பாஸ்மார வேற சைட்டுக்கு தூக்கிட்டு போயிருவாரு. நீங்க கொன்ட்ரெக்டர ஏசுவீங்க, ஆனா சட்டப்படி பார்த்தா தப்பு உங்க பக்கம், ஏன்னா சேர்டிபிகேட் குடுக்குற ஆள் ஒருத்தர வேலை செய்யிற நிலைமைல வச்சிருக்க வேண்டியது ஓனரோட பொறுப்பு. நடுவுல ஆர்க்கிடெக்ட் விலகிட்டாருன்னாலும் அப்படித்தான், சுணங்காம வேற ஆள போடணும்.

நீங்க அனுப்பியிருக்குற மூனு பக்க அக்ரிமென்ட்ல ஆர்க்கிடெக்ட் ஒரே ஒரு வரில தான் வர்றாரு, "வேலைகள் யாவும் கட்டடக் கலைஞரின் திருப்திக்கு ஏற்ப செய்யப்பட வேண்டும்"னு. வேலைய கூட்டவோ குறைக்கவோ அவருக்கு அதிகாரம் இருக்குன்னு ஒரு இடத்துலயும் இல்ல. இத மனசுல வச்சுக்கங்க, சுவர் கதைக்கு வரும்போது தேவைப்படும்.

யார் பக்கம்ங்குற கேள்விக்கு வருவோம். ஆர்க்கிடெக்ட் ஒரே ஆளா இருந்தாலும் மூனு வேலை பாக்குறாரு. பிளான் போடும்போது அவரு டிசைனர், அதுல தப்பு வந்தா உங்களுக்கு பதில் சொல்லணும். கொன்ட்ரெக்டருக்கு கட்டளை குடுக்கும்போது, டைல் மாத்துங்க, இந்த கதவ அங்க வைங்கன்னு சொல்லும்போது, அவரு உங்க ஏஜன்ட், உங்க வாயால பேசுற மாதிரி. ஆனா பில்ல பார்த்து சேர்டிபிகேட் எழுதும்போதும், எத்தன நாள் கூடக் குடுக்கணும்னு முடிவு பண்ணும்போதும், அவரு ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு நியாயமா எழுதணும், பீஸ் உங்க பொக்கெட்ல இருந்து போனாலும். இது மத்த ஊர்க்காரங்களுக்கு விளங்குறத விட நம்ம ஆளுகளுக்கு லேசா விளங்கும். தேயிலைக் கொழுந்து நிறுக்குற கணக்கப்பிள்ளைக்கு சம்பளம் தோட்டத்துல இருந்து தான், அதுக்காக தராசு தோட்டத்துப் பக்கம் சாயலாமா? தண்ணிக்கு, சாக்குக்குன்னு கிலோ கிலோவா வெட்டினா மலையில என்ன சண்டை நடக்கும்னு உங்க அம்மாகிட்ட கேட்டா தெரியும். ஆர்க்கிடெக்ட் சேர்டிபிகேட் எழுதுறதும் அந்த தராசு மாதிரித்தான், ஓனர் போன் பண்ணி "இந்த மாசம் கை கடி, கொஞ்சம் குறைச்சு எழுதுங்க"ன்னு சொல்லக்கூடாது, சொன்னாலும் அவரு கேக்கக்கூடாது, கேட்டு எழுதினா அந்த சேர்டிபிகேட்டயே கொன்ட்ரெக்டர் எதிர்த்துப் போகலாம்.

அதுக்காக நடுநிலைன்னு சொல்லிக்கிட்டு அவரு கண்ண மூடிக்கிட்டு எழுதவும் ஏலாது. இங்கிலாந்துல சட்க்ளிஃப் எதிர் தாக்ரான்னு ஒரு வழக்கு, 1974ல அங்கத்த பிரபுக்கள் சபை, அப்போ அதுதான் கடைசி கோர்ட், அது வரைக்கும் போச்சு. ஒருத்தர் வீடு கட்டுறாரு, ஆர்க்கிடெக்ட் கொம்பனி இடைக்கால சேர்டிபிகேட்ட தாராளமா எழுதிக் குடுத்திருக்கு, செய்யாத வேலைக்கும் மோசமா செஞ்ச வேலைக்கும் சேர்த்து. ஓனரும் நம்பி காசக் கட்டிட்டாரு, பிறகு கொன்ட்ரெக்டர் வங்குரோத்து. கூடக் குடுத்த காச அவருக்கிட்ட திரும்ப எடுக்க வழியில்ல, அதனால ஓனர் ஆர்க்கிடெக்ட் மேல கேஸ் போட்டாரு. நாங்க நீதிபதி மாதிரி நடுவுல நின்னவங்க, எங்க மேல கேஸ் போட ஏலாதுன்னு அவங்க வாதம். கோர்ட் ஒத்துக்கல. நியாயமா நடக்கணும்ங்குறது வேற, அதுக்காக கவனமில்லாம எழுதினா ஓனருக்கு பதில் சொல்ல வேண்டியது தான்னு தீர்ப்பு. நம்ம நாட்டு கட்டட ஒப்பந்தப் பழக்கம் எல்லாம் அங்க இருந்து வந்த வழக்கம் தான், அதனால இந்த தீர்ப்ப நம்ம வக்கீல்மாரும் எடுத்துக் காட்டுவாங்க. அமெரிக்கால கூட ஆர்க்கிடெக்ட் சங்கத்தோட ஒப்பந்தப் படிவத்துல, வேற யாரையும் பேர் போடலன்னா ஓனர் கொன்ட்ரெக்டர் தகராறுல முதல் முடிவு சொல்றது ஆர்க்கிடெக்ட் தான்.

சேர்டிபிகேட்னா என்ன, எப்படி வருதுன்னு ஒரு கணக்கு போட்டு காட்டுறேன், ஏன்னா நிறையப் பேர் கொன்ட்ரெக்டர் குடுக்குற பில்லுக்கே காசோலை எழுதுறாங்க. கொன்ட்ரெக்டர் 32 லட்சத்துக்கு பில் போடுறாருன்னு வைங்க. ஆர்க்கிடெக்ட்டோ அவரு சார்பா கியூ.எஸ்.ஸோ சைட்ல அளந்து பார்த்தா உண்மையில முடிஞ்ச வேலை 26 லட்சம் தான், மிச்சம் இன்னும் இறக்காத சாமானுக்கும் பூசாத சுவருக்கும் போட்டது. 26ல 10 வீதம் ரிடென்ஷன், அதாவது 2 லட்சத்து 60 ஆயிரம் பிடிச்சு வைக்கணும். ஆரம்பத்துல 20 வீதம் எட்வான்ஸ் குடுத்திருந்தீங்கன்னா அதயும் ஒவ்வொரு பில்லுலயும் கழிச்சிட்டு வரணும், அது 5 லட்சத்து 20 ஆயிரம். கைக்கு போக வேண்டியது 18 லட்சத்து 20 ஆயிரம். 32க்கும் 18க்கும் உள்ள இடைவெளிய பாருங்க. இப்படி பிடிக்கிற ரிடென்ஷன் சாதாரணமா மொத்த ஒப்பந்த விலைல 5 வீதம் வந்ததும் நின்னுரும், உங்க வீட்டுக்கு அது 7 லட்சம். வீட்ட கையேத்ததும் பாதி, குறைபாட்டுக் காலம், அதாவது குறை வந்தா கொன்ட்ரெக்டரே சரி பண்ணிக் குடுக்க வேண்டிய காலம், முடிஞ்சு மிச்சம் பாதி குடுக்குறது வழக்கம். மலைநாட்டுல அந்தக் காலம் கட்டாயம் ஒரு முழு வருஷமாவது இருக்கணும்னு நான் அடம்பிடிப்பேன், ஏன்னா ஒரு முழு மழைக்காலம் வீட்டு மேல அடிச்சாத்தான் கூரை எங்க ஒழுகுது, பின் சுவர் எங்க ஈரம் கக்குதுன்னு தெரியும், ஆறு மாசம்னு எழுதி வெயில் காலத்துலயே முடிஞ்சு போன கதை நிறைய இருக்கு.

இன்னொரு தந்திரம், அத்திவாரம், மண் வேலை மாதிரி முதல்ல வர்ற ஐட்டங்களுக்கு ரேட்ட கூட்டிப் போட்டு கடைசி ஐட்டங்கள குறைச்சுப் போடுறது. மொத்தம் அதேதான், ஆனா பாதி வேலைலயே முக்காவாசி காசு வெளிய போயிடும், பிறகு அவரு விட்டுட்டுப் போனாலும் அவருக்கு நட்டம் இல்ல. இத பிடிக்க வேண்டியது விலை போடுற நேரத்துல, பில் நேரத்துல இல்ல.

சரி, இப்ப 18 லட்ச சுவர்.

ஆர்க்கிடெக்ட் ஒருத்தர வேலைக்கு வச்சதால மட்டும் உங்க பேர்ல புது வேலை குடுக்குற அதிகாரம் அவருக்கு வந்துறாது. அந்த அதிகாரம் ஒப்பந்தத்துல எழுதியிருக்கணும், இல்லாட்டி நீங்க தனியா குடுத்திருக்கணும், இல்லாட்டி குடுத்த மாதிரி நீங்க நடந்துக்கிட்டிருக்கணும். ஒப்பந்த விஷயத்துல நமக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம், ஆனா முதலாளி ஏஜன்ட் மாதிரி சில விஷயங்கள்ல சிவில் சட்டக் கட்டளைச் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்த பாவிக்கச் சொல்லுது, வெள்ளைக்காரன் காலத்து சட்டம் இன்னும் நம்ம வீட்டு சுவர் வரைக்கும் வந்து நிக்குது பாருங்க. பெரிய வேலைகளுக்கு பாவிக்கிற ஃபிடிக்ங்குற சர்வதேச ஒப்பந்தப் படிவத்துல கூட, மாத்தங்களுக்கு கட்டளை குடுக்க பொறியியலாளருக்கு அதிகாரம் உண்டு, ஆனா ஒப்பந்தத்தயே திருத்த அதிகாரம் இல்லன்னு தெளிவா போட்டிருக்கு. உங்க மூனு பக்கத்துல மாத்தத்த பத்தி ஒன்னுமே இல்லாததால, எழுத்துப்படி பார்த்தா கொன்ட்ரெக்டர் உங்ககிட்ட கேட்டுட்டு தான் சுவர்ல கை வச்சிருக்கணும்.

ஆனா இத்தோட உங்க பக்கம் ஜெயிச்சாச்சுன்னு நெனைக்காதீங்க. முதல்ல பார்க்க வேண்டியது என்.பி.ஆர்.ஓ. ரிப்போர்ட். நுவரெலியா, பதுளை, கண்டி மாதிரி மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்கள்ல பிரதேச சபை பிளான் பாஸ் பண்ண முன்னால என்.பி.ஆர்.ஓ.ங்குற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட ரிப்போர்ட் கேக்கும், 2014 ஒக்டோபர்ல கொஸ்லந்த மீரியபெத்தைல தோட்டத்து லயத்தோட சனங்க மண்ணுக்குள்ள போன பிறகு இதுல விளையாட யாருக்கும் மனசு வரக்கூடாது. அந்த ரிப்போர்ட்ல நிபந்தனை போடுவாங்க, மேட்ட இவ்வளவு உயரத்துக்கு மேல நேரா வெட்டாத, தண்ணி போக கான் வெட்டு, இந்த இடத்துல தடுப்புச் சுவர் கட்டுன்னு. இப்ப கேள்வி என்னன்னா, கொன்ட்ரெக்டர் விலை குடுத்த அன்னைக்கு இந்த ரிப்போர்ட் அவரு கைல இருந்துச்சா, ஒப்பந்தத்தோட சேர்ந்த பேப்பர்கள்ல அது இருக்கா? இருந்துச்சுன்னா, உங்களது மொத்த விலை ஒப்பந்தம், சுவர் அந்த 1 கோடி 40 லட்சத்துக்குள்ளயே அடங்குதுன்னு நீங்க வாதாடலாம், பி.ஓ.கியூ.ல, அதாவது வேலை வேலையா அளவும் ரேட்டும் போட்ட பட்டியல்ல, மறந்துட்டேன்னு அவரு சொல்றது அவரு பாடு. இல்லன்னா சுவர் புது வேலை தான்.

புது வேலைன்னு வைங்க, அதிகாரம் இல்லாம கட்டினதுன்னும் வைங்க. அப்பவும் சுவர் உங்க காணில நிக்குது, உங்க வீட்ட காப்பாத்துது, அப்பா தினம் அங்க போய் பாஸ்மாருக்கு பிளேன்டீ குடுத்துக்கிட்டு பார்த்துக்கிட்டு இருந்திருக்காரு, ஒரு வார்த்த வேணாம்னு சொல்லல. அடுத்தவன் செலவுல நியாயமில்லாம ஒருத்தன் லாபம் அடையக்கூடாதுன்னு ரோமன் டச்சுச் சட்டத்துல ஒரு வழி இருக்கு, அத பிடிச்சுக்கிட்டு கொன்ட்ரெக்டர் வருவாரு. அதனால தான் ஒரு சதமும் குடுக்காம தப்பிக்க ஏலாதுன்னு மேல சொன்னேன். ஆனா நியாயமான விலை வேற, அவரு போட்ட 18 லட்சம் வேற. மண் வெட்டுறதுக்கும் கருங்கல் கட்டுக்கும் கொங்கிரீட்டுக்கும் பி.ஓ.கியூ.ல ஏற்கனவே ரேட் இருக்கும், அந்த ரேட்டுக்கே சுவர அளந்து கணக்கு போடச் சொல்லுங்க. நீளம், உயரம், அடி அகலம், தண்ணி வெளிய வர்ற ஓட்டைகள் விட்டிருக்கா, பின்னால கல்லு நிரப்பியிருக்கா எல்லாம் பாருங்க, சுவருக்குப் பின்னால தண்ணி தேங்கினா இந்த நாட்டு மழைக்கு அது நிக்காது, அப்படி கட்டியிருந்தா முதல்ல அத சரி பண்ணிட்டுத்தான் காசு பேச்சு. ஸ்ட்ரக்சரல் எஞ்சினியர் போட்ட டிரோயிங் இல்லாம மேசன் பாஸ் கண் அளவுல கட்டினதுன்னா அது இன்னும் பெரிய பிரச்சின, 18 லட்சத்த மறந்துட்டு முதல்ல ஒரு எஞ்சினியர கூட்டிட்டு போய் காட்டுங்க.

ஆர்க்கிடெக்ட் பிளான்ல சுவர விட்டது தப்புன்னா அவருக்கிட்ட முழு 18 லட்சத்தயும் கேக்கலாமான்னு அடுத்த கேள்வி வரும். கேக்கலாம், கிடைக்காது. ஆரம்பத்துலயே பிளான்ல போட்டிருந்தாலும் அந்த சுவருக்கு நீங்க காசு குடுத்திருப்பீங்க தானே. அவரால உங்களுக்கு வந்த நட்டம்னு சொன்னா, பிந்தி கட்டினதால கூடப்போன பங்கு மட்டும், உடைச்சு திரும்ப செஞ்சது, மெசின திரும்ப மேல ஏத்தினது, போட்டி விலை இல்லாம ஒருத்தர் சொன்ன ரேட்டுக்கு குடுக்க வேண்டி வந்தது, இப்படி. அதோட இங்க ஒரு சிக்கல் இருக்கு, அத நேரா சொல்லிடுறேன். தன்னோட பிளான்ல விட்டுப்போனதுக்கு எக்ஸ்ட்ரா குடுக்கலாமா இல்லையான்னு முடிவு பண்றவரும் அதே ஆர்க்கிடெக்ட் தான். சில பேர் கொன்ட்ரெக்டர்கிட்ட "இத எக்ஸ்ட்ரான்னு போடாதீங்க, வேற எங்கயாவது எடுத்துக்கங்க"ன்னு சொல்லி மறைப்பாங்க, அது பில்லுல வேற பேர்ல வந்து நிக்கும். சில பேர் உங்ககிட்ட கேக்காமலே ஓகேன்னு சொல்லி ஆள சமாளிப்பாங்க. எல்லா ஆர்க்கிடெக்ட்டும் இப்படி இல்ல, "இது என் விடுபாடு, இதுல நான் முடிவு சொல்றது சரியில்ல, வேற ஒரு கியூ.எஸ். பார்க்கட்டும்"னு சொன்னவங்களயும் எனக்குத் தெரியும், அப்படிப்பட்டவங்க கிடைச்சா விட்டுறாதீங்க.

ஆளப் பத்தி ஒரு வார்த்த. நம்ம ஊர்ல பிளான் கீறுற எல்லாரையும் ஆர்க்கிடெக்ட்னு தான் கூப்பிடுறோம், டிராஃப்ட்ஸ்மனையும் சேர்த்து. பிளான் நல்லா கீறுவாங்க, குறை சொல்லல, ஆனா ஒப்பந்தத்துல பேர் போட்டு சேர்டிபிகேட் எழுத வைக்கிற ஆள்னா இலங்கை கட்டடக் கலைஞர் நிறுவனத்துலயோ கட்டடக் கலைஞர் பதிவுச் சபைலயோ பதிவு இருக்கான்னு கேட்டுப் பாருங்க. ஜெஃப்ரி பாவா முதல்ல வக்கீல், பிறகு தான் ஆர்க்கிடெக்ட் ஆனாரு, பண்டாரவளைல அவரு செஞ்ச குட் ஷெப்பர்ட் கொன்வென்ட் சேப்பல போய் பாருங்க, கல்லுச் சுவர்னா என்னன்னு தெரியும். அந்த மாதிரி ஆளுகளோட சைட்லயே நின்னு பார்த்துப் பார்த்து மாத்திக்கிட்டு போகலாம், நீங்க பேங்க் லோன்ல கட்டுற வீட்டுல அந்த விளையாட்டு வேணாம்.

இன்னொன்னு, ஆர்க்கிடெக்ட் சைட்டுக்கு வந்து பார்க்குறாருங்குறதுக்காக அவரு மேற்பார்வையாளர் இல்ல. வேலை பிளான் பிரகாரம் போகுதான்னு இடைக்கிடை வந்து பார்ப்பாரு, அவ்வளவுதான். சாரம் எப்படி கட்டுறது, மேட்ட எந்த வரிசைல வெட்டுறது, ஆளுக்கு ஹெல்மட் குடுக்குறது, வேலையாளுக்கு இன்சூரன்ஸ், இதெல்லாம் கொன்ட்ரெக்டர் பாடு. தினம் ஒரு ஆள் நிக்கணும்னா சம்பளத்துக்கு ஒரு டெக்னிகல் ஒபிசர, டி.ஓ.வ, போடுங்க. ஆர்க்கிடெக்ட்டோட விசிட்ட நாள் கணக்கா பேசாம வேலைக் கட்டமா பேசுங்க, மூடிட்டா பார்க்க ஏலாத வேலை தான் முக்கியம், அத்திவாரக் கம்பி கட்டி கொங்கிரீட் ஊத்த முன்னால, ஸ்லெப் கம்பி கட்டின பிறகு, கூரை மூட முன்னால. கொன்ட்ரெக்டர் ரெண்டு நாளைக்கு முன்னால அறிவிக்கணும், அறிவிக்காம மூடினா திறந்து காட்ட வேண்டியது அவரு செலவுலன்னு எழுதிக்கங்க.

நாள் கணக்குலயும் இதே கதை. உங்களுக்கு வீடு டிசம்பர்ல வேணும், பிந்தினா நாளுக்கு இவ்வளவு நட்டஈடுன்னு போட்டிருக்கீங்க, நல்லது. ஆனா நாள கூட்டிக் குடுக்குற அதிகாரம் யாருக்குன்னு எழுதல. கேக்க ஓனருக்கு சாதகம் மாதிரி இருக்கும், கூட்டவே மாட்டோம்னு. உண்மையில தலைகீழ். உங்களால ஒரு தாமதம் வந்து, டைல் தெரிவு செய்ய ஒரு மாசம் இழுத்தடிச்சீங்கன்னு வைங்க, அத கூட்டிக் குடுக்க ஒப்பந்தத்துல வழி இல்லன்னா, குறிச்ச திகதியே விழுந்துடுச்சு, நியாயமான காலத்துல முடிச்சா போதும்னு கொன்ட்ரெக்டர் வாதாடலாம், உங்க நட்டஈடும் அதோட போச்சு. அதனால தான் ஆர்க்கிடெக்ட்டுக்கு அந்த அதிகாரத்த குடுக்குறது, அது ஓனரோட நன்மைக்கும் தான். மழைக்கு நாள் கேப்பாங்க, எல்லாரும் கேப்பாங்க. கொட்டகலை, ஹட்டன், வட்டவளைப் பக்கம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவ மழை அடிக்கும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அத நெனைச்சுத்தான் கொன்ட்ரெக்டர் நாள் குடுத்திருக்கணும். பண்டாரவளை, பதுளைப் பக்கம்னா வருஷக் கடைசில வர்ற மழை. வழக்கமான மழைக்கு நாள் இல்ல, வழக்கத்துக்கு மாறா பேய் மழை பெய்ஞ்சாத்தான். ஜூன் மாசத்துல கொட்டகலைல மழை பெய்ஞ்சுதுன்னு நாள் கூட்டிக் குடுக்குற ஆர்க்கிடெக்ட் கொழும்ப விட்டு வெளிய வராதவரு.

விலை ஏத்தம் பத்தியும் ரெண்டு வரி. 2022ல டொலர் 200 ரூபால இருந்து 360க்கு போனப்போ, 1000 சொச்சம் இருந்த சீமெந்து பை 3000 தாண்டிச்சு, மொத்த விலைக்கு ஒத்துக்கிட்ட கொன்ட்ரெக்டர்மார் பாதில விட்டுட்டு ஓடினாங்க. சீடான்னு சொல்ற நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை, முந்தி இக்டாட்னு இருந்தது, விலை ஏத்த இறக்கத்துக்கு ஒரு சூத்திரமும் சுட்டெண்களும் வெளியிடுது. ஒப்பந்தத்துல அத சேர்த்திருந்தா மட்டும் தான் ஆர்க்கிடெக்ட் அந்தக் காச சேர்டிபை பண்ண ஏலும், சேர்க்கலன்னா பாவம்னு நெனைச்சு கூட்டிக் குடுக்க அவருக்கு அதிகாரம் இல்ல, பாவம் பார்க்குறதா இருந்தா அத ஓனர் தான் பார்க்கணும். இதே சீடா சின்ன வேலைகளுக்கும் மாதிரி ஒப்பந்தப் படிவம் வச்சிருக்கு. அதுல "பொறியியலாளர்"னு வர்ற இடத்துல உங்க ஆர்க்கிடெக்ட்ட பேர் போட்டு நியமிச்சிருந்தா இந்த சண்டைல பாதி வந்திருக்காது. யாரோ ஒருத்தரோட பழைய அக்ரிமென்ட்ட எடுத்து பேர மட்டும் மாத்தி டைப் பண்றத விட அது எவ்வளவோ மேல்.

கோர்ட்டுக்கு போறத பத்தி கேக்காதீங்க, இந்தத் தொகைக்கு அது வேணாம். சின்னத் தொகைன்னா சட்டமே முதல்ல மத்தியஸ்த சபைக்கு அனுப்பும். பெரிய ஒப்பந்தங்கள்ல 1995ம் வருஷத்து 11ம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் கீழ போவாங்க, அதுக்கு வர்ற செலவ பார்த்தா ஒரு வீட்டுக்கு கட்டாது. எழுத்துல உள்ள ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட 6 வருஷம் இருக்கு, வாய்ப்பேச்சுக்கு அத விட ரொம்ப குறைச்சல், அது ஒன்னுக்காகவாவது எல்லாத்தயும் எழுத்துல வைங்க. வட்ஸ்அப்ல வந்த மெசேஜயும் அழிச்சிடாதீங்க, 2006ம் வருஷத்து இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அந்த மாதிரி செய்திகளுக்கும் மதிப்பு குடுக்குது. ஆர்க்கிடெக்ட் சுவர கட்டச் சொன்னது போன்லயா, மெசேஜ்லயா, நீங்களும் இருந்த குரூப்லயான்னு பாருங்க. நீங்களும் இருந்த குரூப்ல அவரு சொல்லி, நீங்க ஒரு கட்டைவிரல் போட்டுட்டு போயிருந்தீங்கன்னா, அதிகாரம் குடுத்த மாதிரி நடந்துக்கிட்டதா ஆயிரும்.

அப்பாக்கிட்ட ஒரு விஷயம் சொல்லி வைங்க, மனசு நோகாம. சைட்ல நின்னுக்கிட்டு "தம்பி, அந்த ஜன்னல இன்னும் ஒரு அடி பெருசா வைங்க", "சாமி அறைய இந்தப் பக்கம் திருப்புங்க"ன்னு பாஸ்கிட்ட நேரா சொல்றத நிப்பாட்டணும். ஓனர் பக்கத்து ஆள் சொன்னதுன்னு பாஸ் செஞ்சிடுவாரு, கொன்ட்ரெக்டர் அத எக்ஸ்ட்ரான்னு போடுவாரு, ஆர்க்கிடெக்ட் தெரியாதும்பாரு, ஜன்னல் பெருசானதால மேல உள்ள லின்டல் பத்தாம வெடிச்சா என் பிளான்ல அப்படி இல்லன்னு கை கழுவிடுவாரு, அவரு சொல்றதும் சரிதான். என்ன மாத்தணும்னாலும் உங்ககிட்ட சொல்லட்டும், நீங்க ஆர்க்கிடெக்ட்டுக்கு எழுதுங்க, அவரு விலையும் நாளும் எவ்வளவு கூடும்னு கொன்ட்ரெக்டர்கிட்ட கேட்டு எழுதி அனுப்பட்டும், நீங்க சரின்னு பதில் போட்ட பிறகு தான் பாஸ் கரண்டிய எடுக்கணும். இவ்வளவு தொகைக்கு மேல போனா ஓனர் எழுத்துல சம்மதிக்காம ஆர்க்கிடெக்ட் கட்டளை குடுக்கக்கூடாதுன்னு ஒரு எல்லையும், 50 ஆயிரமோ ஒரு லட்சமோ, இப்பவே ஒரு பக்க கடிதமா எழுதி மூனு பேரும் கையெழுத்து போட்டுக்கங்க, மிச்சப் பாதி வேலைக்காவது உதவும்.

இப்போதைக்கு 18 லட்சத்துக்கு மாட்டேன்னும் சொல்லாதீங்க, காசோலையும் எழுதாதீங்க. கொன்ட்ரெக்டருக்கு மரியாதையா ஒரு மெயில் போட்டு, சுவர கட்டச் சொன்ன கட்டளை எழுத்துல இருந்தா அது, எஞ்சினியர் டிரோயிங், அளவோட ரேட் பிரிச்ச கணக்கு, இது மூனையும் கேளுங்க. மத்த வேலைக்கு வர வேண்டிய காச இதுக்காக பிடிச்சு வைக்காதீங்க, அப்படி பிடிச்சா பாதி வேலைல நிப்பாட்டிட்டு போக அவருக்கு நீங்களே காரணம் குடுத்த மாதிரி. என்.பி.ஆர்.ஓ. ரிப்போர்ட்ல உள்ள திகதியயும் கொன்ட்ரெக்டர் விலை குடுத்த கடிதத்து திகதியயும் எடுத்து எனக்கு அனுப்புங்க, எது முந்தி வந்ததுன்னு தெரிஞ்சா அந்த 18ல உங்க தலைல எவ்வளவு வரும்னு ஓரளவுக்கு கணக்கு போட்டு சொல்றேன்.